மோவாப் பாறையில் முன் ஆக்ஸில்

மோவாப் ஊரின் பிரதான தெருவில் உயர்த்தாத ஜீப்பைப் பார்ப்பது அரிது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில், சுமார் 4,000 அடி உயரத்தில் கிடக்கும் சின்ன ஊர் அது. நிலையாகக் குடியிருப்பவர்கள் 5,000 பேருக்குச் சற்று மேல். ஆனால் எந்தப் பெட்ரோல் பங்கில் நின்றாலும், இடுப்புயர டயர்களோடும் முகப்பில் வின்ச்சோடும் நாலைந்து ஜீப்புகள் வரிசையில் நிற்கும். அவற்றிலிருந்து இறங்குகிறவர்கள் பாதிப்பேர் தாத்தா பாட்டிகள்.

இந்த மோகத்துக்கு வித்திட்டது யுரேனியம். 1952-இல் சார்லி ஸ்டீன் என்ற புவியியலாளர் மோவாபுக்குத் தெற்கே லிஸ்பன் பள்ளத்தாக்கில் பெரும் யுரேனியப் படிவத்தைக் கண்டார். கைக்காசெல்லாம் கரைந்த நிலையில் துளை போட்டுக்கொண்டிருந்த மனிதர் ஒரே நாளில் கோடீஸ்வரர் ஆனார். அந்தச் செய்தி கேட்டு வந்தவர்கள் புல்டோசரை வைத்து மலையெல்லாம் கீறிப் பாதை போட்டார்கள். சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. யுரேனியத்துக்கு மவுசு போனபின் பாதைகள் மட்டும் மிஞ்சின. அந்தப் பாதைகளைக் காட்டி ஆள் சேர்க்கலாம் என்று ஊர் வணிகர் சங்கம் 1967-இல் ஈஸ்டரை ஒட்டி ஒரு ஜீப் ஊர்வலம் தொடங்கியது. இன்றைக்கு ஜீப் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் தேர்த்திருவிழா. நாங்கள் போனது திருவிழா முடிந்து கூட்டம் கலைந்தபிறகு, ஏப்ரல் கடைசியில்.

வண்டி என் கல்லூரி ஜூனியர் தம்பியுடையது. விருதுநகர்க்காரன், டென்வரில் வேலை. 2012-ஆம் வருடத்து நான்கு கதவு ராங்ளரைப் பழையதாக வாங்கியிருந்தான். முதல் சொந்தக்காரர் அதை ஏற்கெனவே இரண்டரை அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் மாட்டி வைத்திருந்தார். எப்படி உயர்த்தியிருந்தார் என்பதில்தான் கதையே இருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றவில்லை. கம்பெனி ஸ்பிரிங்கின் தலையில் ஆளுக்கொரு பாலியூரித்தேன் வளையத்தைச் செருகி, ஷாக் அப்சார்பருக்கு ஒரு நீட்டுத் துண்டு வைத்து முடித்துவிட்டார். பார்வைக்கு வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது.

டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறினால் 11,000 அடிக்கு மேலே ஐசனோவர் சுரங்கம் மலையைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதைக் கடந்ததும் இறக்கம்தான். க்ளென்வுட் பள்ளத்தாக்கில் ஆறும் ரயிலும் சாலையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுகின்றன. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மோவாப் போய்ச் சேர மாட்டோம். கிராண்ட் ஜங்ஷன் ஊருக்குக் கொஞ்சம் முன்னால், டி பெக் பள்ளத்தாக்கில், ஒரு பாலத்தின் இரும்பு இணைப்பில் முன்சக்கரம் தட்டியது. அவ்வளவுதான். ஸ்டியரிங் இடதும் வலதுமாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. டாஷ்போர்டில் இருந்த தண்ணீர் பாட்டில் என் மடியில் வந்து விழுந்தது. "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல" என்று அவன் சொன்ன குரலிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. ஓரம் கட்டி, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் எதுவுமே நடக்காததுபோல் நின்றுவிட்டது.

நம்மூர் மெக்கானிக்குகள் இதை வாப்ளிங் என்பார்கள். முன்பக்கம் முழு ஆக்ஸில் வைத்த வண்டி எதற்கும் இது வரலாம். முழு ஆக்ஸில் என்றால், இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. ஒரு சக்கரத்தின் உதறல் மற்றதுக்கும் போகும், அங்கிருந்து திரும்பி வரும். இடையில் எங்கேயாவது ஒரு போல்ட்டோ புஷ்ஷோ தளர்ந்திருந்தால் அந்த ஆட்டம் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். பள்ளத்தில் விழுவதோ, பாலத்து இணைப்பில் தட்டுவதோ அதற்குத் தொடக்கம் மட்டும்தான்.

கிராண்ட் ஜங்ஷனில் விசாரித்துப் போன பட்டறையை அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் மகனோடு சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். மோவாபுக்குப் போகிற வழி என்பதால் அவர் கடையில் ஜீப் சாமான் குவிந்து கிடந்தது. தம்பி ஸ்டியரிங்கின் உதறலை அடக்கும் டாம்பரைக் காட்டி, இதை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று வலைத்தளத்தில் படித்தேன் என்றான். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாம்பர் நடுக்கத்தை மறைக்கும், காரணத்தைத் தொடாது என்றார். லிஃப்டில் ஏற்றவும் விடவில்லை. வண்டி தரையில், தன் பாரத்தில் நிற்க வேண்டும்; எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி ஆட்டிக்கொண்டே இரு என்று தம்பியை உட்கார வைத்துவிட்டு, டார்ச்சோடு அடியில் படுத்தார். என்னையும் கூப்பிட்டார்.

பளிச்சென்று தெரிந்தது. ராங்ளரின் முன் ஆக்ஸிலை முன்னும் பின்னும் பிடித்து நிறுத்துவது நான்கு கைகள், பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது டிராக் பார் என்கிற ஒரே ஒரு தண்டு. அதன் ஒரு நுனி சேஸிஸில் டிரைவர் பக்கம், அதாவது அங்கே இடது பக்கம்; மறுநுனி ஆக்ஸிலில் வலது பக்கம். ஸ்டியரிங் ஆடும்போது டிராக் பார் அசையக்கூடாது. இங்கே சேஸிஸ் நுனியில் போல்ட் துளைக்குள்ளேயே போய்ப் போய் வந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது.

ஏன் தேய்ந்தது? அம்மாள் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் வரைந்து காட்டினார். சேஸிஸை உயர்த்தினால் டிராக் பாரின் சரிவு கூடுகிறது. தண்டின் நீளம் மாறாது. ஆகவே சரிவு கூடக்கூட அது ஆக்ஸிலையே இடது பக்கமாக இழுத்துக்கொள்கிறது. தம்பியின் வண்டியில் இடது டயர் வலது டயரைவிட வெளியே துருத்திக்கொண்டிருந்ததை நான் டென்வரிலேயே பார்த்தேன். ஏதோ ஸ்டைல் என்று நினைத்துவிட்டேன். போதாததற்கு, வளையம் செருகியவர் போல்ட்டை வண்டி தொங்கிக்கொண்டிருந்தபோதே முறுக்கியிருக்கிறார். இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு, எப்போதும் திமிறிக்கொண்டே இருந்திருக்கிறது. கனத்த டயர் அடித்த அடியில் மெதுவாக நட்டு இளகி, துளை விரிந்துவிட்டது. இந்த வண்டியில் அந்தப் போல்ட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் 125 அடி-பவுண்டு, ஏறக்குறைய 170 நியூட்டன் மீட்டர். சாதாரண ஸ்பானரும் கை உத்தேசமும் அதற்குப் போதாது.

இது ஒரு கோளாறு. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் ஓரளவு நேரே போகிறது. ஜீப்பிலும் அப்படி ஒரு சாய்வு உண்டு, காஸ்டர் கோணம் என்பார்கள். கம்பெனியில் இருந்து வரும்போது 4 டிகிரிக்குச் சற்று மேல். உயர்த்தும்போது ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகள் கீழ்நோக்கிச் சரிந்து ஆக்ஸிலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து முன்பக்கமாக உருட்டிவிடுகின்றன. ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய முக்கால் டிகிரி போய்விடும். சாய்வு குறைந்த சக்கரம் தானாக நடுவுக்கு வராது; நெடுஞ்சாலையில் வண்டியை ஓட்டுநர் விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். டென்வரிலிருந்து தம்பியின் கை சும்மாவே இருக்கவில்லை.

இங்கேதான் எனக்குச் சுவாரசியமான உரையாடல் நடந்தது. தம்பிக்கு ஓர் ஆசை. எப்படியும் எல்லாவற்றையும் கழற்றப் போகிறார்கள், இரண்டரையை நாலு அங்குலம் ஆக்கிவிட்டால் என்ன? அம்மாள் அவனை வண்டிக்கு முன்னால் குனிய வைத்து, ஆக்ஸிலின் நடுவே புடைத்துக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியல் குடத்தைக் காட்டினார். பாறை முதலில் இடிக்கப்போவது இதைத்தான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் இது ஓர் இம்மிகூட எழும்பாது, ஏனென்றால் இது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. இதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 32 அங்குல டயருக்குப் பதில் 35 போட்டால் ஒன்றரை அங்குலம் எழும்பும். ஸ்பிரிங்கை உயர்த்துவது அந்த டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க. 35 டயருக்கு இரண்டரை தாராளம். நாலு போட்டால் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு வரை எல்லாம் கோணலாகும், ஒவ்வொன்றையும் நிமிர்த்தக் காசு வேண்டும், பாரம் மேலே போய்ச் சாய்வில் கவிழும் பயமும் கூடும். "நீ வாங்கப்போவது வெறும் உயரம்" என்றார். நாலு அங்குலத்தை விற்றால் அவருக்குத்தான் லாபம். அதை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரிடம் வேலையை ஒப்படைக்கத் தயக்கமே வரவில்லை.

வேலை மறுநாள் மதியம் வரை நடந்தது. வளையங்கள் போயின. அந்த உயரத்துக்கென்றே சுருட்டிய ஸ்பிரிங்குகள் வந்தன, அதுவும் முகப்பிலிருக்கும் இரும்பு பம்பரையும் வின்ச்சையும் கணக்கில் எடுத்த கடினத்தோடு. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிராக் பார். தேய்ந்த துளையைச் சுற்றிப் பட்டை வைத்து வெல்டிங். சற்று நீளமான கீழ்க் கைகளைப் போட்டு ஆக்ஸிலைத் திரும்பப் பின்பக்கமாக உருட்டி, காஸ்டரை 5 டிகிரி அருகே கொண்டுவந்தார்கள். டிராக் பாரும் அதன் முன்னால் ஓடும் ஸ்டியரிங் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று அம்மாள் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு சரிவில் இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகவே திரும்பப் பார்க்குமாம். பிரேக் ஹோஸ்கள் நீளமாக மாறின. எல்லா போல்ட்டுகளையும் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே, டார்க் ரென்ச் வைத்துக் கடைசி முறுக்கு முறுக்கினார் மகன்.

ஷாக் அப்சார்பர் முன்பக்கத்துக்கு மட்டும் புதிது. ஒற்றைக்குழாய், உள்ளே எண்ணெயும் அழுத்தமான நைட்ரஜனும் தனித்தனி அறையில். பின்பக்கம் பழைய இரட்டைக்குழாயே இருக்கட்டும், பட்ஜெட் அவ்வளவுதான் என்றான் தம்பி. எங்களையறியாமல் ஒரே வண்டியில் ஒப்பீட்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டோம்.

அன்று மாலை யூட்டா எல்லையைத் தாண்டும்போதே வித்தியாசம் தெரிந்தது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வந்தது. தம்பி ஒரு கையால் முறுக்குத் தின்றுகொண்டே ஓட்டினான். சிஸ்கோ அருகே நெடுஞ்சாலையை விட்டு 128-ஆம் எண் சாலையில் இறங்கினோம். ஆற்றை ஒட்டியே மோவாப் வரை போகும் சாலை. சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு மேலே லா சால் மலையின் பனிமுடி. மோவாபுக்குப் போகிறவர்கள் இந்தச் சாலையைத் தவறவிடக் கூடாது. நேர்வழி சீக்கிரம் போகும், ஆனால் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்த நாள் ஷேஃபர் பாதை. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா 1964-இல் உருவானது. அதன் மேட்டு விளிம்பிலிருந்து பாறைச்சுவரை ஒட்டி வளைந்து வளைந்து சுமார் 1,500 அடி இறங்குகிறது இந்த மண்பாதை. தடுப்புச்சுவர் கிடையாது. மாடு மேய்த்தவர்கள் கால்நடையை ஓட்டிய தடத்தை 1950-களில் யுரேனிய லாரிகளுக்காக அகலப்படுத்தினார்கள். லோ கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், எஞ்சினின் பிடியிலேயே இறங்க வேண்டும். இறக்கத்தில் பாரமெல்லாம் முன் ஆக்ஸிலுக்கு வருகிறது. ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் மூக்கு குத்திக்கொண்டே போகும். புது ஸ்பிரிங் தலையைத் தாழ்த்தவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் ஸ்பிரிங்கையே நினைத்துக்கொண்டு இறங்கியதற்கு வேறு காரணமும் உண்டு.

கீழே பொட்டாஷ் சாலை. இது மோவாபுக்குத் திரும்பும் வழி, பாதி தூரம் மண்ணில் குறுக்குக் கோடு கோடாக அலை அலையான மேடு. வண்டிகளின் ஷாக் அப்சார்பர்தான் இந்த அலைகளை உண்டாக்குகிறது என்று வெகுநாள் நம்பினார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மோரிஸும் கூட்டாளிகளும் வட்டமான மணல் பாதையில் ஒரு சக்கரத்தை ஓடவிட்டு, 2007-இல் வெளியிட்ட ஆய்வில் அதை மறுத்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாத வெறும் சக்கரமும், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், அலையை எழுப்பிவிடுகிறது. அதாவது தவிர்க்க வழியில்லை. மெதுவாகப் போக வேண்டும், அல்லது தாங்குகிற ஷாக் வேண்டும்.

தாங்குவது என்றால் என்ன? ஸ்பிரிங் வண்டியைச் சுமக்கிறது. அது துள்ளுவதை அடக்குவது ஷாக். அடக்கிய துள்ளல் எங்கும் மறைந்துவிடாது, எண்ணெயில் சூடாக மாறுகிறது. நொடிக்குப் பலமுறை அடி வாங்கும்போது எண்ணெய் கொதித்து, இரட்டைக்குழாய் ஷாக்கில் மேலே இருக்கும் வாயு எண்ணெயோடு கலந்து நுரைத்துவிடுகிறது. நுரையை அழுத்தினால் எதிர்ப்பு இருக்காது. அரைமணி நேரம் கழித்து எங்கள் வண்டியின் பின்பக்கம் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கமாகத் தத்தித் தத்தி ஒதுங்கியது. முன்பக்கம் புறப்பட்டபோது இருந்த மாதிரியே பாதையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நின்று பார்த்தோம். பின்ஷாக்கைத் தொட முடியவில்லை. முன்ஷாக்கும் சூடுதான். ஆனால் ஒற்றைக்குழாயின் சுவர் நேராகக் காற்றில் படுவதால் சூடு வெளியேறுகிறது, எண்ணெயும் வாயுவும் கலக்க வழியில்லை. "பின்னாடியும் மாத்திருக்கணும்ணே" என்றான். பின்ஷாக் ஆறும் வரை, பொட்டாஷ் உப்பு எடுக்கும் ஆவியாக்கும் குளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செம்மண் பாலைவனத்தின் நடுவே பளீரென்ற நீலம். வெயிலை அதிகம் இழுத்துச் சீக்கிரம் வற்றட்டும் என்று தண்ணீரில் சாயம் கலக்கிறார்கள்.

கடைசியாக ஹெல்ஸ் ரிவெஞ்ச் என்ற பாதை. ஊரை ஒட்டிய சாண்ட் ஃப்ளாட்ஸில், ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையான நிலம். மண்ணே கிடையாது, வழுக்குமரம் போல வளைந்த வெற்றுப் பாறை. பார்த்தால் டயர் சறுக்கிவிடும் என்று தோன்றும், ஆனால் காய்ந்த மணற்பாறையில் ரப்பர் உடும்புப் பிடி பிடிக்கிறது. டயர் காற்றை 37 பவுண்டிலிருந்து 18-க்கு இறக்கினோம். எந்த வண்டிக்கும் முதல் சஸ்பென்ஷன் டயர்தான். இதற்குச் செலவும் கிடையாது.

தொடங்கிய இடத்திலேயே இருபுறமும் சரிவான ஒரு பாறை முதுகில் ஏற வேண்டியிருந்தது. அதற்குமுன் தம்பி கீழே குனிந்து முன் ஸ்வே பாரின் இணைப்புகளைக் கழற்றிக் கட்டி வைத்தான். அந்தக் கம்பி சாலையில் வண்டி சாயாமல் காப்பது. பாறையில் அதுவே ஒரு சக்கரம் ஏற, மற்றது இறங்க விடாமல் தடுக்கும். கழற்றிய பிறகு இடதுசக்கரம் மட்கார்டுக்குள் புகுந்தது, வலதுசக்கரம் பள்ளத்தைத் தேடிக் கீழே போய் ஊன்றிக்கொண்டது. வண்டியின் உடம்பு அதிகம் சாயவில்லை. பழைய வளைய அமைப்பில் இது நடந்திருக்காது, ஏனென்றால் எவ்வளவு தூரம் சக்கரம் தொங்கலாம் என்பதை ஷாக்கின் நீளம்தான் முடிவு செய்கிறது. அதேபோல எவ்வளவு மேலே வரலாம் என்பதைப் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் முடிவு செய்ய வேண்டும். ஷாக் முழுதும் மடங்கி அடிவாங்கும்படி விட்டால் அது அன்றே காலி. அம்மாள் அதற்கும் இரண்டு அங்குல நீட்டம் போட்டிருந்தார். பில்லில் மிகச் சிறிய தொகை அதற்குத்தான்.

பாதை நெடுக மற்ற வண்டிகளையும் கவனித்தேன். எங்களைவிட உயரமான ஒரு வண்டி பக்கச்சரிவில் மனமில்லாமல் திரும்பிப் போனது. வாடகைக்கு விடும், அளவாக உயர்த்திய ஜீப் ஒன்று, ஓட்டியவர் முதல்முறை வந்தவர் என்பது முகத்திலேயே தெரிந்தும், அலட்டாமல் ஏறியது. இரண்டு வண்டிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன்: உயர்த்திய வண்டிக்குச் செலவழிக்கிற காசில் உயரத்துக்குப் போவது கடைசிப் பங்காக இருக்க வேண்டும். முதலில் டிராக் பாரும் காஸ்டரும், அடுத்து நான்கு ஷாக்குகளும், பிறகு பம்ப் ஸ்டாப்பும் பிரேக் ஹோஸும்.

நம் நாட்டில் தார் என்ற ஜீப் வகை வண்டியை வாங்கி உயர்த்த நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். 2020-இல் வந்த புதிய தாரின் முன்பக்கம் முழு ஆக்ஸில் கிடையாது. சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் இரட்டைக் கை அமைப்பு. டிராக் பார் பிரச்சினை அங்கே இல்லை. மாறாக, உயர்த்தினால் மேல்கையின் பால் ஜாயிண்ட்டும் அரை ஆக்ஸிலின் மூட்டுகளும் கோணலாகித் தேயும். ஆகவே அமெரிக்க ஜீப் வீடியோவைப் பார்த்துச் சாமான் வாங்காதீர்கள். அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். உயர்த்தாத வண்டிக்கும் நல்ல ஷாக் மாட்டலாம். மலைப்பாதையில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதும்.